பொது மீட்டரில் ஓடும் நம் தடம்

எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழுவினருக்கு வணக்கம்.

ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் சூழலியல் தடத்தை அளந்து குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டீர்கள். அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு, அன்று முதல் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வருகிறேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மதிஸ் வாக்கர்நாகெலும் வகுத்த இந்த அளவீடு, நாம் உண்பதற்கும் உடுப்பதற்கும் வேண்டிய நிலத்தையும் நீர்ப்பரப்பையும், நாம் வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவையான காட்டையும் பரப்பளவாகக் கூட்டிச் சொல்வது. அந்த முழுக் கணக்கை வீட்டுத் திண்ணையில் போட முடியாது என்பதால், கரியமில வாயுவை மட்டும் எடுத்துக்கொண்டேன். மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ, பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ என்று பெருக்கிப் பார்த்தபோது, சென்ற ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் எரித்த 610 யூனிட் 427 கிலோவாக வந்து நின்றது. அதே இரண்டு மாதத்து அடுப்பும் ஸ்கூட்டரும் சேர்ந்து அதில் கால் பங்குதான். ஏசியை 20இலிருந்து 26க்கு ஏற்றி, கூடவே மின்விசிறியையும் ஓட விட்டதில், இந்தக் கோடையில் 440 யூனிட்டோடு நின்றது. வீட்டில் முணுமுணுப்பு இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இந்தியரின் சராசரித் தடம் உலகச் சராசரியில் பாதிகூட இல்லையே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உண்மைதான், ஆனால் ஃபிரிட்ஜே இல்லாத வீடுகளும் சேர்ந்து இறக்கிய சராசரி அது. மூன்று ஏசி வைத்திருக்கும் நாம் அதன் நிழலில் ஒதுங்குவது முறையன்று.

என் குறை வேறு. விடியற்காலையில் போட்ட மோட்டாரை நிறுத்த ஆளின்றி, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, பி பிளாக் சுவரில் பாசி படர்ந்த தடத்தின் வழியே தண்ணீர் வழிவதை நாம் எல்லோரும் பல் துலக்கியபடியே பார்க்கிறோம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 4 யூனிட் இழுக்கும். நாள்தோறும் அரை மணி நேரம் வழிந்தால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். நாங்கள் கோடை முழுக்க வியர்த்து மிச்சம் பிடித்தது 170. வழிந்த தண்ணீருக்கு ஈடாக மறுநாள் லாரி வருகிறது. அதன் டீசல் எந்த வீட்டுக் கணக்கிலும் ஏறுவதில்லை. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய உறைகிணறோ மணல் மூடிக் கிடக்கிறது.

ஆகவே, பொது மீட்டரின் யூனிட்டையும் வந்த லாரிகளின் எண்ணிக்கையையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் எழுதவும், தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியைப் பொருத்தவும், ஐப்பசி மழைக்கு முன் உறைகிணற்றைத் தூர்வாரவும் வேண்டுகிறேன். கருவியின் விலையில் பாதியை நானே தருகிறேன். எலக்ட்ரீஷியனை ஞாயிற்றுக்கிழமை அழைத்துவரவும் தயார். மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்துக் குடியிருப்பாளர்