மலை ஏறினால்தான் வண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் தரை வண்டுகள் பற்றிய கட்டுரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில், இந்த வண்டுகளைப் பார்க்க மலை ஏற வேண்டும், வட சென்னைக்காரர்களுக்குக் கரப்பான்பூச்சியே கதி என்று ஒரு வரி. சிரிப்பதற்காக எழுதியிருப்பார். சரி, சிரித்தோம். எங்களுக்குப் பழக்கம்தான்.

நான் கொருக்குப்பேட்டைக்காரன், பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தரையில் ஓடி இரை பிடிக்கும் இந்தத் தரை வண்டுகள், உலகத்தில் ஏறக்குறைய 40,000 இனங்கள் உள்ள ஒரு வண்டுக் குடும்பம்; அதை மலைக்கு மட்டும் எழுதிக்கொடுக்க முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மலை உச்சிகளில் பறக்க முடியாத தரை வண்டுகள் அதிகம் என்பது உண்மை. அமெரிக்க வண்டு ஆராய்ச்சியாளர் டார்லிங்டன் 1943லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். பறக்க முடியாததால் அவை அந்தந்த மலையோடு நின்று தனித்தனி இனங்களாகிவிடுகின்றன. ஆனால் வெப்பமண்டலத் தாழ்நிலக் காடுகளில் தரை முழுக்க எறும்பு ராஜ்ஜியம், அதனால் அங்கே பல வண்டுகள் மரத்திலும் நீர்க்கரையிலும் பிழைக்கின்றன, இறகும் வைத்திருக்கின்றன. ஆக, கீழே வேறு மாதிரி இருக்கின்றன. இல்லாமல் போகவில்லை.

மாதவரம் ஏரிக்கரையில் செங்கல்லைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் கட்டுரையாளரை. என் மாணவன் ஒருவன் அங்கே ஒன்றைக் கையால் பிடித்தான், 'டப்'பென்று சத்தம், கூடவே ஓர் அலறல். குண்டுவீச்சு வண்டு, அதுவும் தரை வண்டுதான். வயிற்றுக்குள் இரண்டு ரசாயனங்களைக் கலந்து, கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டில் பின்பக்கமாகப் பீய்ச்சும். பையன் விரலில் பழுப்புக் கறை கொஞ்சநாள் போகவே இல்லை. இதற்கு எந்த மலைக்கும் பஸ் ஏறவில்லை.

கரப்பான்பூச்சி என்றீர்களே, அதையும் பேசிவிடுவோம். செங்குன்றம் பக்கத்துப் புதர்க்காட்டில் கருப்பு உடம்பில் ஆறு வெள்ளைப் புள்ளியோடு ஒரு பெரிய தரை வண்டு ஓடும், சீண்டினால் அமிலம் அடிக்கும், அதற்குப் பறக்கவும் வராது. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் ஒரு கரப்பான் அதே மாதிரி வெள்ளைப் புள்ளி போட்டுக்கொண்டு, அந்த வண்டு என்று எதிரிகளை நம்பவைத்துத் தப்பிக்கிறது என்கிறார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758ல் அந்தக் கரப்பானுக்கு வைத்தது, லண்டனில் இயற்கைப் பொருள்களைச் சேகரித்த ஜேம்ஸ் பெட்டிவர் பெயரை. எங்கள் ஜார்ஜ் டவுனை ஒட்டிய கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன் செடி கொடிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினாரே, அவற்றைப் பெற்றுக்கொண்ட அதே பெட்டிவர்தான். எங்கள் கரப்பானுக்கே இவ்வளவு சரித்திரம் இருக்கிறது ஐயா.

இன்னொன்று. கட்டுரைக்கு மேலே போட்ட படம் தரை வண்டே இல்லை, காண்டாமிருக வண்டு. தென்னை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் திட்டிக்கொண்டே அடையாளம் சொல்வார்கள்.

பள்ளிக்கரணைக்கும் கிண்டிக்கும் வருஷா வருஷம் வண்ணப்பக்கம் ஒதுக்குகிறீர்கள், சந்தோஷம். எண்ணூர், மணலி பெயர் எண்ணெய் கொட்டினால், அமோனியா கசிந்தால் மட்டும் வருகிறது. 2023 டிசம்பரில் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கரைச் சேற்றில் வாழும் சின்ன உயிர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் "அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அந்த வரிக்கு நான் எதற்கு?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சரியான வண்டின் படத்தை ஒரு ஓரமாகப் போட்டு, இது சமவெளியிலும் உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்புறம், எங்கள் தெருவுக்குப் பேப்பரோடு ஞாயிறு இணைப்பையும் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையையே நான் சலூனில்தான் படித்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.