விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கும் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எட்டாவது முதல் பத்தாவது வரை பிள்ளைகளின் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தூக்கிக் கொடுத்துவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். டைம்டேபிளில் விளையாட்டு என்று போட்டிருக்கிறது, அந்த நேரத்தில் அவள் நோட்டில் இருப்பதெல்லாம் இயற்கணிதம். கேட்டால் போர்ஷன் முடியவில்லை என்கிறார்கள். போர்ஷனைச் சனிக்கிழமை வகுப்பு வைத்தாவது முடித்துவிடலாம். எலும்பு வளர்கிற வயதைத் தள்ளிப்போட முடியாதே.

லேபில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகியதால் எலும்பு என்றாலே காய்ந்த கட்டை என்று நினைத்துவிடுகிறோம். உடம்புக்குள் அது ரத்தம் ஓடுகிற, நரம்பு உள்ள, உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்தெடுக்க ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள், அங்கே புதிதாகக் கட்ட ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் என்று சாகும்வரை வேலை நடந்துகொண்டே இருக்கிறது. எங்கே கெட்டியாகக் கட்டுவது என்பதைப் பெரும்பாலும் சுமைதான் தீர்மானிக்கிறது: ஓடும்போது தசை சுருங்கி, தசைநாண் வழியாக எலும்பை இழுக்கிறது, குதித்து இறங்கும்போது தரையின் அதிர்ச்சி குதிகாலிலிருந்து இடுப்புவரை ஏறுகிறது, எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் அதை உணர்ந்து கட்டுமானத்தைத் தூண்டுகின்றன. சிறு வயதிலிருந்தே டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையைவிடத் தடித்திருப்பது இதனால்தான். சுமையே இல்லாத விண்வெளியில் தங்குகிறவர்களுக்கோ, இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல்கூடக் குறைந்துவிடுகிறது.

இப்போது வயதைப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு 12, 13 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் வரும் இரண்டே வருடங்களில், பெரியவர்களானபின் எலும்பில் இருக்கப்போகும் தாதுவில் சுமார் கால்பங்கு சேர்ந்துவிடுகிறது. 20 வயதுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். மாதவிடாய் நின்றபிறகு பெண்கள் வேகமாக எலும்பை இழக்கிறார்கள், அப்போது கைகொடுப்பது இந்த வயதில் சேர்த்துவைத்ததுதான். நீங்கள் பிடுங்குவது சரியாக அந்த வருடங்களின் பீரியடை என்பதுதான் என் ஆத்திரம்.

பால் கொடுங்கள், கால்சியம் மாத்திரை கொடுங்கள் என்று சொல்வீர்கள். சரி, கொடுக்கிறோம். ஆனால் குடல் அந்தக் கால்சியத்தை ஒழுங்காக உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும், அதைச் செய்வது வெயில் பட்ட தோல். தோலில் அந்த வைட்டமினை உண்டாக்கும், வெயிலில் உள்ள புற ஊதா பி கதிரைக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும், அதனால் மூடிய ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தால் வெளிச்சம்தான் கிடைக்கும். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் அந்தக் கதிரைத் தடுக்கும் மெலனின் என்ற நிறமி அதிகம், அதனால் வெயிலில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றால்தான் உண்டு. வேனில் வந்து, வகுப்பறையில் உட்கார்ந்து, டியூஷன் முடித்து இருட்டியபின் வீடு திரும்பும் பிள்ளைக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது?

மைதானம் இல்லை என்றால் ஸ்கிப்பிங் கயிறு போதும், சிமென்ட் முற்றம் போதும். பெண் பிள்ளைகளை ஓரமாக உட்காரவைக்காதீர்கள், அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. பத்தாம் வகுப்பு என்பதால் விலக்கு என்றும் சொல்லாதீர்கள். இந்த வாரமே அந்த பீரியடை உடற்கல்வி ஆசிரியரிடம் திருப்பிக் கொடுங்கள், இனி யார் கேட்டாலும் கடன் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா