சேதுவுக்கு: அந்த 15 இன்ச் பெட்டியை இப்போது வாங்காதே

திருநகர், மதுரை

அன்புள்ள சேது,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். போனில் பேசினால் பாதியில் புகுந்து உன் கட்சியைப் பேச ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவளுக்கு விருதுநகரில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். வடகம் வந்து சேர்ந்ததா என்று லதாவிடம் கேட்டுச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 15 இன்ச் சப்வூஃபருக்கு, அதாவது பேஸ் என்கிற அடி ஒலிக்காகத் தனியாக வைக்கிற பெட்டிக்கு, இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால், தயவுசெய்து கொடுக்காதே. எவ்வளவு அலைந்து அந்த எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனல் ஸ்பீக்கர்களை வாங்கினாய்! அதற்குப் பக்கத்தில், மூலையில், போர்ட் (காற்றுத் துளை) வைத்த ஒற்றைப் பெட்டியை நிறுத்தினால் எதிர்சேவைக்குப் பாண்டியண்ணன் தல்லாகுளத்தில் கட்டுகிற பாக்ஸ் மாதிரிதான் கேட்கும். அந்த பாக்ஸுக்கு முன்னால் நீ ஆடிய ஆட்டம் எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆனால் அது தெருவுக்கு உரியது.

"பேனல் வேகமானது, சாதாரண கோன் மெதுவானது, எங்கள் கோன் மட்டும்தான் ஈடுகொடுக்கும்" என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாய். எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்கிற இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. கோன் என்பது சாதாரண ஸ்பீக்கரில் ஆடுகிற கூம்பு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வாசிக்கிற கோன் நொடிக்கு 80 தடவை ஆடினால் போதும். நல்ல 12 இன்ச் எதுவும் அதைச் சிரமமில்லாமல் செய்யும். பின்னால் இழுக்கிற மாதிரி நமக்குக் கேட்பது அறை. கோன் நின்ற பிறகும் அறை நிற்பதில்லை, இழுத்துக்கொண்டே இருக்கிறது. போர்ட் பெட்டி என்றால் அதனுடைய சொந்த இழுவையும் சேர்ந்துகொள்ளும்.

பேனல் ஏன் இவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது என்று யோசித்தாயா? தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம், துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, ஆயிரக்கணக்கான வோல்ட்டில் நிற்கிறது. முன்பக்கம் எவ்வளவு ஒலியோ பின்பக்கமும் அவ்வளவு, ஆனால் நேரெதிராக. பக்கவாட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பக்கச் சுவரையும் தரையையும் கூரையையும் அது அதிகம் சீண்டுவதில்லை. அறையின் முணுமுணுப்பு குறைகிறது. பேஸ் காணாமல் போவதற்கும் காரணம் இதுவேதான். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 28 அடி. என் பேனல், குவாட் 63, இரண்டடிச் சொச்சம் அகலம். அவ்வளவு பெரிய அலைக்கு இந்தப் பேனல் ஒரு தடுப்பே இல்லை. பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடுகிறது. அந்தப் பகுதியில் ஒரு ஆக்டேவ், அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு, இறங்கினால் 6 டெசிபல் போய்விடும். படலம் முன்னும் பின்னும் நகர்ந்து ஈடுகட்டலாம் என்றால் தகடுகளுக்கு நடுவே இடமும் கிடையாது. குவாட் கம்பெனியின் பீட்டர் வாக்கர் 1957இல் முதல் மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தார், 1981இல் 63 வந்தது. அத்தனை வருஷம் உழைத்தும் அந்த மேதையால் இயற்பியலை மீற முடியவில்லை.

நீ படிக்கிற அமெரிக்கப் புத்தகங்களில் அறை என்றால் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். அந்தச் சுவர்கள் அதிர்ந்து பேஸில் ஒரு பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளும். நம் வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, மொசைக் தரை. உள்ளே விட்ட பேஸ் உள்ளேயே சுற்றுகிறது. என் ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். கணக்குப் போட்டால் 32, 48, 57, 64 ஹெர்ட்ஸில் அறை தானாகப் பாடும். மைக்கை வைத்து அளந்தபோது அந்த நான்கு இடங்களிலும் மலை மாதிரி எழுந்து நின்றது. மூலையில் ஒற்றைப் பெட்டி வைப்பது என்பது இந்த நான்கையும் ஒன்றாகத் தட்டி எழுப்புவது.

அதனால் நான் இரண்டு சிறிய பெட்டிகளுக்குப் போனேன். 12 இன்ச், போர்ட் இல்லாத மூடிய பெட்டி. நம்ம ஆசாரிதான் 25 மில்லி பிளைவுட்டில் இழைத்துக் கொடுத்தார், உள்ளே குறுக்குச் சட்டத்தோடு. ஒன்று முன்சுவரின் நடுவில், இன்னொன்று பின்சுவரின் நடுவில். இதில் ஒரு அழகு இருக்கிறது சேது. 32 ஹெர்ட்ஸில் அறையின் இரண்டு கோடிகளும் எதிரெதிர்த் திசையில் அழுத்தம் கொள்ளும். இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தள்ளினால் அந்த அலை எழவே முடியாது. பெட்டிகள் சுவரின் நடுவில் இருப்பதால் அகலத்தின் 48 ஹெர்ட்ஸும் எழாது. ஒரு பைசா செலவில்லாமல் இரண்டு மலைகள் சரிந்தன. இரண்டு பெட்டிக்கும் ஒரே தாமதம் கொடுக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதே. பாக்கி 57, 64 இரண்டையும் டிஎஸ்பியில் (ஒலியைத் திருத்துகிற டிஜிட்டல் கருவி) செதுக்கிக் குறைத்தேன். மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்பப் போகாதே, ஆம்ப்தான் வீணாகச் சூடாகும்.

பேனலுக்கும் சப்புக்கும் ஒலியைப் பிரிக்கிற இடம் எனக்கு 75 ஹெர்ட்ஸ், அதைத் தாண்டினால் ஆக்டேவுக்கு 24 டெசிபல் குறையும். அதற்கு மேலே சப் பேசினால் பின்சுவரில் ஒரு பெட்டி இருப்பது காதுக்குத் தெரிந்துவிடும். பேனலுக்கும் அதே இடத்தில் கீழ் ஒலியைத் துண்டித்துவிடு. படலத்துக்குப் பாரம் குறைந்து நடு ஒலி இன்னும் தெளிகிறது. பேனலையும் சப்பையும் நேரத்தில் சேர்ப்பதற்கு, சப்பின் இணைப்பைத் தலைகீழாக மாற்றி 75 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. உன் நாற்காலியில் ஒலி எங்கே ஆகக் குறைகிறதோ அங்கே நிறுத்தி, இணைப்பைப் பழையபடி மாற்றிவிடு. பேனல் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி நிற்க வேண்டும். வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

இத்தனையும் எதற்கு என்று கேட்பாய். நம் மிருதங்க வாத்தியாரின் ஸ்பூல் டேப், லட்சுமி சுந்தரம் ஹால் கச்சேரி, அதை டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டேன். பேனல் மட்டும் இருந்தபோது வலந்தலையின் (வலது பக்கம்) ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாக விழுந்தது, ஆனால் தொப்பி (இடது பக்கம்) இல்லை. ரவையைப் பிசைந்து ஒட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு அவர் சரிசெய்வாரே, அந்தத் தொப்பியில் வழுக்கி எழுகிற கும்கி நாதம் பாதிதான் வந்தது. போன வாரம் பார்வதி அக்கா வந்திருந்தார்கள். தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். விளம்ப காலத்தில் தொப்பி வழுக்கி ஏறியபோது, "அப்பாவோட இடது கை" என்று சொல்லிவிட்டு அழுதார்கள். சப் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொன்று. நம் வயதில் காது மேல் ஒலியிலிருந்துதான் குறைந்துகொண்டு வரும். கீழ் ஒலிதான் அதிக நாள் தங்கும். அதை ஒழுங்காகக் கேட்க ஏற்பாடு செய்துகொள்ளாமல் வேறு எதில் பணத்தைப் போடப் போகிறோம்?

அப்புறம், உன் வீடு கடற்கரையை ஒட்டி இருப்பதுதான் எனக்குக் கவலை. ஈரக்காற்று பட்டால் பேனலின் மின்னேற்றம் கசிந்து ஒலி மங்கும். தூசியும் ஒட்டிக்கொள்ளும், இங்கே ஆடிக் காற்றில் தினமும் துணி போட்டு மூடுகிறேன். சாயங்காலம் ஜன்னலைத் திறந்துபோட்டுக் கேட்கிற பழக்கத்தை விட்டுவிடு.

கடைக்காரரிடம் ஒரு மாதம் அவகாசம் கேள். உன் ஹாலின் நீளம், அகலம், உயரம், கதவும் ஜன்னலும் எந்தச் சுவரில், சோபா எங்கே, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வைகை எக்ஸ்பிரஸில் வருகிறேன். மைக்கும் லேப்டாப்பும் நான் கொண்டுவருகிறேன். ஒரு சப்பையாவது யாரிடமாவது இரவல் வாங்கி வை, அளந்து பார்த்த பிறகு முடிவு செய்வோம். டாக்டரையும் வரச் சொல், நாற்காலி நகர்த்த ஆள் வேண்டும்.

உன்,
மூர்த்தி