பூனையும் வேண்டும், குருவியும் வேண்டும்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, மீதி முழுவதையும் பூனைக்கும் நாய்க்குமே ஒதுக்கியிருக்கிறாய். வீட்டுக்குப் பின்னால் புதர்க்காடும் அதற்கு அப்பால் ஏரியும் இருப்பதையும், பூனை ஒரு குருவியைக் கவ்வி வந்து உன் காலடியில் போட்டதையும், அதைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரர் இப்படிப்பட்ட இடத்தில் பூனை வளர்ப்பதே பாவம் என்று சொன்னதையும் எழுதி, பூனையை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நினைத்துவிடாதே. கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில் கடித்த விலங்குக்கும் கடிபட்ட விலங்குக்கும் ஒரே மேசையில் மருத்துவம் பார்த்தவள் நான். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பூனை பசியால் மட்டும் வேட்டையாடுவதில்லை. வயிறு நிறைந்த பூனையும் அசைவதைக் கண்டால் பாயும். அது அதன் இயல்பு, அதற்காக அதைத் திட்டுவதிலோ அடிப்பதிலோ பயனில்லை. அமெரிக்காவில் கட்டின்றித் திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பகுதியைக் கொல்பவை உரிமையாளர் இல்லாத பூனைகள்தாம் என்றும் அதே ஆய்வு சொன்னது. பூனைப் பிரியர்கள் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அந்த உரிமையாளர் இல்லாத பூனைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. கருத்தடை செய்யாமல் விட்ட வீட்டுப் பூனைகளின் வழிவந்தவையும், வேண்டாம் என்று கைவிடப்பட்டவையும்தாம் அவை. பெண் பூனை நான்கு மாதத்திலேயே கருவுறக்கூடும் என்பதால், உன் பூனைக்குக் கருத்தடை செய்வதைத் தள்ளிப்போடாதே. உன் வீட்டு எல்லைக்குள் நீ செய்யக்கூடிய வனப் பாதுகாப்பு வேலைகளில் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் தீவில் பறக்க இயலாத சின்னஞ்சிறு பறவை ஒன்று வாழ்ந்தது. 1894இல் அங்கே கலங்கரை விளக்கம் செயல்படத் தொடங்கியது; அதைக் கவனிக்க வந்த மனிதர்களோடு பூனையும் வந்தது; சில ஆண்டுகளுக்குள் அந்தப் பறவை உலகிலேயே இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு பூனை ஓர் இனத்தையே தின்று தீர்த்தது என்று இதைக் கதையாகச் சொல்வார்கள். அது மிகை, தீவில் பூனைகள் பெருகிவிட்டன என்பதே உண்மை. எனக்கென்னவோ அந்தக் கதையைவிட உண்மைதான் அதிகம் உறைக்கிறது, ஏனென்றால் அது ஒரு பூனையின் கொடூரத்தைப் பற்றியது அல்ல, பூனைகளை எண்ணிப் பாராத மனிதர்களைப் பற்றியது.

இனி, நீ என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். கழுத்தில் மணி கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான வீட்டுப் பூனைகளை வைத்துச் செய்யப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவைக் கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் வரை உரிமையாளர் கூட இருந்து விளையாடியபோது 25 விழுக்காடு குறைந்தது. பறவைகளின் கண்ணில் பளிச்சென்று படும் வண்ணத் துணிப் பட்டையைக் கழுத்தில் அணிவித்தபோது பிடிபட்ட பறவைகள் 42 விழுக்காடு குறைந்தன. எனவே ஒரு குச்சியின் நுனியில் இறகைக் கட்டித் தினமும் மாலையில் அதைப் பாயவிடு, துரத்தவிடு, கடைசியில் பிடிக்கவும் விடு. பிடிக்காமல் முடியும் விளையாட்டு பூனைக்கு எரிச்சலைத்தான் தரும். பட்டை வாங்குவதானால் கிளையில் சிக்கினால் தானே கழன்றுகொள்ளும் வகையாகப் பார்த்து வாங்கு.

இவற்றையெல்லாம்விட மேலானது, பூனையை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது. அது சிறை வைப்பது போலாகாதா என்று கேட்பாய். ஏறுவதற்கு உயரமான பலகையும், வெளியே பார்க்க ஒரு சன்னலும், நகத்தைத் தீட்ட ஒரு மரத்துண்டும், வலையடித்த ஒரு திண்ணையும் இருந்தால் பூனை நிறைவாகவே வாழும். வண்டியில் அடிபடாமலும் நாயிடம் கடிபடாமலும் நெடுநாள் வாழவும் செய்யும். முழுதாக அடைத்து வைக்க மனம் வராவிட்டால், விடியலிலும் அந்தியிலும் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் பருவத்திலும் மட்டுமாவது கதவைச் சாத்து.

பூனையின் வாயிலிருந்து தப்பிய பறவை மேலுக்கு நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், அதை அப்படியே பறக்கவிடாதே. பூனையின் எச்சிலில் உள்ள நுண்ணுயிர்கள் ஊசிமுனை அளவு காயத்தின் வழியாகவும் இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடக்கூடும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாகவும் அமைதியாகவும் வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோ.

நாய்க்கு வருகிறேன். அது எதையும் கடிப்பதில்லை, வெறுமனே துரத்தித்தான் விளையாடுகிறது என்று எழுதியிருக்கிறாய். தரையில் கூடு கட்டும் பறவைக்கு அந்த வேறுபாடு தெரியாது. எழுந்து பறந்துவிடும், முட்டை குளிர்ந்துபோகும். சிட்னிக்கு அருகே உள்ள காட்டுப் பாதைகளில் செய்யப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், வாரில் பிடித்த நாயோடு ஆள் நடந்துபோனாலே அங்கு காணப்படும் பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. அதனால் ஏரிக்கரையில் நாணல் அடர்ந்த பக்கத்தைப் பறவைகளுக்கே விட்டுவிட்டு, நாள்தோறும் ஒரே பாதையில், வாரை அவிழ்க்காமல் நாயைக் கூட்டிப் போ. அதன் கழிவையும் அள்ளி எடுத்து வந்துவிடு.

தடுப்பூசியைப் பற்றி நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் அது நாய்க்கும் உனக்கும் மட்டுமான காப்பு என்று எண்ணியிருப்பாய். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆயிரம் அளவுக்கு, மடிந்தன. அந்த நோய்க்கிருமி சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்து பரவியதாகக் கண்டறிந்து, பிறகு அந்த நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். எத்தியோப்பியாவின் மலைகளில் ஐந்நூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் ஒரு வகை ஓநாய்க்கு இன்றும் பெரிய அச்சுறுத்தல்களில் ஒன்று, மேய்ப்பர்களின் நாய்கள் வழியாக வரும் வெறிநோய். உலகில் ஆண்டுதோறும் அந்த நோயால் ஏறத்தாழ 59,000 மனிதர்கள் இறக்கிறார்கள். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நாயிடமிருந்தே வருகிறது. உன் நாயோ, தெரு நாயோ, புதரில் கிடக்கும் காட்டு விலங்கோ எது கடித்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போ. இதில் மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று, தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் நாம் பிடரியில் விடும் சொட்டு மருந்து. அவற்றில் பலவற்றில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லிகள் இருக்கின்றன. இரண்டும் மிகச் சிறிய அளவிலேயே நீர்ப்பூச்சிகளைக் கொல்லும். இங்கிலாந்தின் இருபது ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஃபிப்ரோனில் இருந்தது. பூச்சி செத்தால் அதைத் தின்னும் தவளையும் தகைவிலான் குருவியும் பட்டினி கிடக்கும். பூச்சித் தொல்லை இருக்கிறதா என்று சீப்பால் வாரிப் பார்த்து, இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து போடு. போட்ட பிறகு ஏரியில் நீந்தவிடலாமா, எத்தனை நாள் கழித்து விடலாம் என்பதையும் அவரிடமே கேள். சீவி எடுத்த முடியைப் பறவைகள் கூடு கட்ட உதவட்டும் என்று சிலர் வெளியே போடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் மருந்து போட்ட விலங்கின் முடி குஞ்சுகளுக்கு நஞ்சு மெத்தையாகிவிடும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மருந்தை மறந்தும் பூனைக்குப் போடாதே, அதன் உயிரே போய்விடலாம். மனிதர்களின் பாராசிட்டமால் மாத்திரையும் லில்லிப் பூக்களும் பூனைக்கு அப்படித்தான்.

வளர்ப்பு விலங்குக்குக் கொடுக்கும் மருந்து காட்டுயிரை எவ்வளவு தூரம் சென்று தாக்கும் என்பதற்குத் தெற்காசியாவின் பிணந்தின்னிக் கழுகுகளே சாட்சி. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி அவற்றின் பிணத்தில் தங்கி, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. மூன்று இனங்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004இல்தான் உறுதியாயிற்று. 2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் கால்நடைகளுக்கான அந்த மருந்தைத் தடை செய்தன. மாற்றாக மெலாக்சிகாம் இருந்தது. மாட்டின் வலியையும் தணித்துக் கழுகையும் சாகடிக்காத மருந்து கையருகிலேயே இருந்திருக்கிறது, யாரும் கேட்கத்தான் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது என்று நான் இளைய மருத்துவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சலித்திருக்கிறேன். வீட்டில் எலி வந்தால் நஞ்சு வைக்காதே என்று நான் உன்னிடம் கடுமையாகச் சொல்வதும் அதனால்தான். நஞ்சு தின்ற எலியை ஆந்தையும் தின்னும், உன் பூனையும் தின்னும்.

சிறகு முளைத்துத் தரையில் தத்தித் திரியும் குஞ்சு பெரும்பாலும் அனாதை அல்ல. தாய் அருகில்தான் இருக்கும், பூனையையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டால் போதும். இறகே முளைக்காதது விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டிலேயே வை. மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பதானால் தட்டை நாள்தோறும் தேய்த்துக் கழுவு, இல்லையென்றால் அதுவே நோய் பரவும் இடமாகிவிடும்.

கடைசியாக, உன் நண்பர் தர நினைக்கும் சிவப்புக் காது ஆமை. அதைத் தொட்டியில் பார்க்க நாணயம் அளவுதான் இருக்கும். வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகும், முப்பது ஆண்டுக்கு மேலும் வாழும். வாங்கியவர்கள் இதை அறிந்து திகைத்து அருகிலுள்ள நீர்நிலையில் விட்டுவிட்டதால்தான், அது இன்று பல நாடுகளில் உள்ளூர் ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டிருக்கிறது. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகியதால் அங்கே இரக்கூன் என்னும் சிறு பாலூட்டிகள் ஏறத்தாழ அற்றே போயின என்று 2012இல் எழுதினார்கள். எனவே அந்த ஆமையை நீ வாங்கிக்கொண்டாலும் சரி, மறுத்தாலும் சரி, அது ஏரிக்குப் போகக்கூடாது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால், அதை ஏற்றுக்கொள்ளும் காப்பகம் எது என்று உன் கால்நடை மருத்துவரைக் கேட்டு, நண்பரையும் அழைத்துக்கொண்டு நேரில் போய் ஒப்படைத்துவிட்டு வா.

பூனையின் கருத்தடைக்கு நாள் குறித்ததும் எனக்கு எழுது. அதன் எடையையும், இதுவரை போட்ட தடுப்பூசிகளின் தேதிகளையும் சேர்த்து எழுதினால், மருத்துவரிடம் நீ கேட்க வேண்டிய கேள்விகளை நான் முன்கூட்டியே குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா