தாழ்ப்பாள் போட்டுத் தந்தவர்களுக்கு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். விடிந்து பார்த்தால், ஊரில் மிஞ்சிய தென்னையை விரல் விட்டு எண்ணிவிடலாம். வீட்டுக்குக் கூரை இல்லை. இருபது நாளுக்கு மேல் வகுப்பறையில்தான் குடித்தனம். அரிசி, போர்வை, பிஸ்கட் என்று லாரி லாரியாக அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. கேரளாவிலிருந்துகூட வந்து டெல்டாவில் கம்பம் நட்ட மின்வாரிய அண்ணன்களுக்கும் நன்றி.

இன்னும் சிலருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று நாள், சாயங்காலமானால் பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் இருட்டில் எழுந்து போகவேண்டுமே! கக்கூஸ் மைதானத்தின் கோடியில் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நீர்க்கடுப்பில் இரண்டு பேர் சுருண்டு படுத்துவிட்டார்கள்.

திருச்சியிலிருந்து வந்த தங்கச்சிகளே, நீங்கள் வரிசையில் நிற்கவைத்துக் கேட்கவில்லை. எங்களோடு பாயில் உட்கார்ந்து, "வேற என்னக்கா வேணும்?" என்று கேட்டீர்கள். என் மாமியார்தான் வாய் திறந்து தாழ்ப்பாள் கேட்டார். மறுநாளே ஆசாரியோடு வந்தீர்கள். நான்கு தாழ்ப்பாள், போகிற வழிக்கு ஒரு சோலார் விளக்கு. நாப்கினையும் உள்ளாடைகளையும் பேப்பரில் சுற்றி அரிசிப் பைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தீர்கள். ஆம்பளைகள் முன்னால் யாரும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. அன்று ராத்திரி நான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன்.

நர்ஸம்மா, சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்தீர்கள். நிறைமாதக்காரியை வலி வரும் முன்பே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தீர்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

அப்புறம், என் நாத்தனார் மகள் முகாமிலேயே வயதுக்கு வந்தாள். வெளியே கீற்று கட்டித் தனியாக உட்கார வைக்கவேண்டும் என்று எங்கள் அப்பாயி பிடிவாதமாக நின்றார். அப்போதுதான் டீச்சரம்மா பட்டுக்கோட்டை அணைக்காட்டில் நடந்ததைச் சொன்னார். இதே புயலில், இப்படித் தனிக் குடிசையில் இருந்த சின்னப் பெண்மேல் தென்னை விழுந்து உயிர் போனது. அப்பாயி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தன் பாயை விரித்து, "இங்க வந்து படுடி" என்று பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். டீச்சரம்மாவுக்கு நன்றி. எங்கள் அப்பாயிக்கும்தான்.

தை மாதம் அவளுக்குத் தண்ணி ஊற்றுகிறோம். அதற்குள் கூரை போட்டுவிடுவோம். தாழ்ப்பாள் அடித்த ஆசாரி அண்ணன் உட்பட எல்லோரும் அவசியம் வரவேண்டும்.

அன்புடன்,
முகாமில் இருந்த பெண்கள் சார்பாக,
வேதாரண்யம் வட்டம், டிசம்பர் 2018