ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், நூலகம், பத்தாம் வகுப்புக்கான மாலை வகுப்பு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மன்றத்தின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது ஒரு கேள்விதான்: சங்கப் பணியிலும் மக்கள் போராட்டங்களிலும் நின்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மக்களவைத் தேர்தலில் நிற்பதென்றால் என்ன செய்ய வேண்டும்?

எல்லோரும் வேட்புமனுவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சிக்கலோ அதற்கு வெகு முன்பே, பணியிலிருந்து விடுபடுவதில் இருக்கிறது. 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி, பணியில் இருப்பவர் கட்சியில் சேரவே முடியாது. விடுப்பு எடுத்துக்கொண்டு நிற்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அரசுப் பணி ‘ஆதாயம் தரும் பதவி’ என்று பரிசீலனையில் மனு தள்ளுபடியாகும். ராஜினாமா செய்தால், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு அதுவரை செய்த பணிக்காலம் கணக்கில் வராது. விருப்ப ஓய்வுக்கு 20 ஆண்டு பணியோ 50 வயதோ நிறைந்திருக்க வேண்டும். மூன்று மாத முன்னறிவிப்பும் தேவை.

இந்த ஆண்டையே எடுத்துக்கொள்வோம். தேர்தல் அறிவிப்பு மார்ச் 16. மனுத்தாக்கல் 20 முதல் 27 வரை, பரிசீலனை 28. அறிவிப்பைக் கேட்டபின் விண்ணப்பித்திருந்தால் ஜூன் நடுவில்தான் விடுபட முடியும். ஜூன் 4-லேயே வாக்கு எண்ணி முடித்துவிட்டார்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே கடிதம் போயிருக்க வேண்டும். கடிதத்தின் நகல் போதாது, ஏற்பு ஆணை கையில் இருக்க வேண்டும்.

போராட்டத்தில் முன்னால் நின்றவருக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின்போது 17(பி) என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வாங்கியவர்களுக்கு இது தெரியும். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் விருப்ப ஓய்வை நிறுத்திவைக்கலாம். எனவே முதல் வேலை, அந்தக் கோப்பு முடிந்ததா என்று பார்ப்பது.

இனி மனு. வைப்புத்தொகை 25,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 12,500. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். அனைவரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். சொத்து, வழக்கு விவரங்களைத் தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக் கூடாது, ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். அரசுக் குடியிருப்பில் இருந்தவர் வாடகை, மின்சாரம், தண்ணீர் பாக்கி இல்லை என்ற சான்றை இணைக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்ற உறுதிமொழியை மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, மனுவுக்கு ஒரு நாள் முன்பாவது. உச்சவரம்பு 95 லட்சம். தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டு தகுதியிழப்பு வரலாம்.

ஆகஸ்டில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக டிம் வால்ஸ் அறிவிக்கப்பட்டதால் அந்த மாதக் கூட்டம் அவரைப் பற்றியதானது. மினசோட்டா மாநிலத்தில் மான்கேட்டோ நகரப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2004-இல் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரிக்குத் தொண்டராக வேலை செய்தார்; 2005 ஜனவரியில் வேட்பாளர் பயிற்சி முகாமுக்குப் போனார்; 2006 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வானார். பயிற்சிக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே 22 மாதம். அவருடைய பேச்சுத் திறனை வியந்தவர்கள் அதிகம். நமக்குப் பயன்படுவது இந்தக் கால இடைவெளிதான் என்பது என் கருத்து.

மேற்கண்ட விவரங்களைக் கையேடாக அச்சிட செயற்குழு முடிவு செய்துள்ளது. அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்