ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஏன் அரும்புக் குழுவில் இருக்கிறான்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா, கடலை பறித்துக்கொண்டிருந்தவர், கையில் ஒட்டிய மண்ணோடு பள்ளிக்கு வந்தார். "அஞ்சாப்பு படிக்கிற புள்ளயப் போயி சின்னப் புள்ளைங்களோட ஒக்கார வச்சிருக்கீங்களாமே டீச்சர், தெருவுல எல்லாரும் கேக்குறாங்க" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்று தோன்றியதால்தான் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

அவரிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டு, தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். எங்கும் நிற்காமல் படித்தான். அம்மா முகம் மலர்ந்தது. "அவன் விரலைப் பாருங்கம்மா" என்றேன். விரல் மூன்றாவது வரியில் இருந்தது. குரல் ஐந்தாவது வரிக்குப் போயிருந்தது. அதே பக்கத்திலிருந்து நான்கு சொற்களை எடுத்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் சொல் 'தோடு'. முன்னால் இருந்த இரட்டைக்கொம்பைப் பார்த்து 'தே' என்றான். பின்னால் இருந்த காலைப் பார்த்து 'தா' என்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். நமக்கு அது ஒரே எழுத்து. அவனுக்கு இன்னும் மூன்று துண்டுகள்.

அந்தப் பிள்ளை மந்தமானவன் இல்லை. அத்தனை பாடத்தையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான் என்றால் எவ்வளவு கூர்மை வேண்டும்! அந்தக் கூர்மைதான் அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை இவ்வளவு காலம் எங்கள் கண்ணிலிருந்தும் மறைத்துவிட்டது. நானும் பல ஆண்டுகள் 'போர்ஷன் முடிக்க வேண்டும்' என்று ஓடியவள்தான். பாடம் முடிந்தது, பிள்ளைக்கு வந்து சேர்ந்ததா என்று நின்று பார்க்கவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23 கல்வியாண்டில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கி, மறு ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது அதில்தான். எழுத்தை அடையாளம் காணப் பழகுபவர்கள் அரும்பு; சொல்லும் சிறு தொடரும் கூடிவருபவர்கள் மொட்டு; தடையின்றி வாசித்துப் பொருள் சொல்பவர்கள் மலர். நம் பள்ளியில் தமிழ், கணக்கு நேரத்தில் மட்டும்தான் இந்தக் குழுக்கள். மற்ற நேரமெல்லாம் பிள்ளை தன் வகுப்பில், தன் நண்பர்களோடு. வருகைப் பதிவேட்டிலும் அவன் ஐந்தாம் வகுப்புதான்.

இதற்குப் பின்னால் இருபது ஆண்டுக்கு மேலான ஆராய்ச்சி இருக்கிறது. குஜராத்தின் வடோதராவிலும் மும்பையிலும், 3, 4 வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை, உள்ளூரைச் சேர்ந்த, பள்ளிப்படிப்பு முடித்த ஒரு பெண்ணிடம் தினமும் இரண்டு மணி நேரம் அனுப்பிப் பார்த்தார்கள். எழுத்து, எண் என்று அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது இரண்டு வாரப் பயிற்சிதான். அவர்களுக்குப் 'பால்சகி', அதாவது குழந்தையின் தோழி, என்று பெயர். இரண்டு ஆண்டுகள் அளந்து பார்த்தபோது, மற்றப் பள்ளிகளைவிட இந்தப் பள்ளிகளில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் இருந்த பிள்ளைகளே அதிகம் ஏறியிருந்தார்கள். 2007-இல் இந்த ஆய்வை வெளியிட்டவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவர் அவர்கள்.

மூன்றாமவர் மைக்கேல் கிரேமர். அவர் சேர்ந்து செய்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கென்யாவின் கிராமப் பள்ளிகளில் பாடநூலை இலவசமாகக் கொடுத்தார்கள். எல்லோர் மதிப்பெண்ணும் உயரும் என்று எதிர்பார்த்தார்கள். சராசரி நகரவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் உயர்ந்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. கையில் புத்தகம் இருந்தும் உள்ளே நுழைய வழியில்லை. நம் ஊரில் புத்தகம் தமிழில்தான் இருக்கிறது. ஆனாலும் 'தோடு' வாசிக்க வராதவனுக்கு ஐந்தாம் வகுப்புப் புத்தகம் அதேபோல் பூட்டிய கதவுதான்.

மலர்க் குழுப் பெற்றோரில் சிலர் வேறொன்று கேட்கிறீர்கள்: இப்படிப் பிரித்தால் நன்றாகப் படிக்கும் என் பிள்ளை கவனிக்கப்படாமல் போகாதா? நியாயமான கேள்வி. கென்யாவிலேயே 121 பள்ளிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியரைக் கொடுத்து, பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளை மதிப்பெண்படி இரண்டு பிரிவாக்கினார்கள். மீதியில் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தால், மதிப்பெண்படி பிரித்த பள்ளிகளில் மேலே இருந்தவர்களும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள், கீழே இருந்தவர்களும் முன்னேறியிருந்தார்கள். எதிரே இருக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தால் ஆசிரியர் தன் வேகத்தைச் சரிசெய்துகொள்ள முடிகிறது. என் அனுபவமும் அதுதான். ஆனால் குழு முத்திரையாகிவிடக் கூடாது. ஒவ்வொரு மதிப்பீட்டுக்குப் பிறகும் பட்டியலை மாற்றுகிறோம். சென்ற பருவத்தில் அரும்பில் இருந்தவர்களில் பலர் இப்போது மொட்டில்.

விட்டுப்போனதை இனிமேல் பிடிக்க முடியுமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் கிட்டத்தட்ட கால்பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய இல்லம் தேடிக் கல்வி மையங்களால். நம் ஊரில் அந்த வகுப்பை நடத்தியவர்களும் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த நம் வீட்டுப் பெண்கள்தான்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாடநூலைப் படிக்கச் சொல்லாதீர்கள்; அது மனப்பாடமாக இருக்கலாம். பிள்ளை முன்பு பார்க்காத எதையாவது நீட்டுங்கள். பலசரக்கு பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பர், பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விரலும் குரலும் சேர்ந்து போகிறதா என்று பார்க்க உங்களால் முடியும். திணறினால் திட்ட வேண்டாம், அண்ணன் அக்காவோடு ஒப்பிட வேண்டாம். எந்தச் சொல்லில் நின்றது என்று மறுநாள் வகுப்பாசிரியரிடம் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்று: கடலை பறிப்புக்கோ திருவிழாவுக்கோ நான்கு நாள் நிறுத்திவிடாதீர்கள். அரும்புக் குழுவில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் மேல் நிற்கிறது. வேலைக்குப் போகும் நாளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், அங்கன்வாடியில் பேசி வழி செய்வோம்.

பள்ளி மேலாண்மைக் குழு பற்றியும் சொல்ல வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் சுற்றுச்சுவர், குடிநீர்க் குழாய், கழிப்பறை பற்றிப் பேசிக் கையெழுத்துப் போட்டதும் கூட்டம் கலைந்துவிடுகிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் கிராமக் கல்விக் குழுக்களைப் பற்றி ஊர்க்கூட்டம் போட்டு விளக்கினார்கள். குழுக்களும் அசையவில்லை, பிள்ளைகளின் வாசிப்பும் மாறவில்லை. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து மாலையில் வாசிப்பு முகாம் நடத்திய கிராமங்களில், முகாமுக்கு வந்த பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள். வந்தவர்கள் மிகக் குறைவு என்பதுதான் குறை.

ஆகவே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு நடக்கும் கூட்டத்தில் கட்டட வேலைகளை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். அதன்பிறகு ஒவ்வொருவரும் தம் பிள்ளை அருகில் உட்கார்ந்து, அவன் வாசிப்பதை ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். மாலை வாசிப்பு வகுப்புக்கு ஆறு தெருவுக்கும் ஆள் தேவை. இரண்டு தெருவுக்குப் பெயர் வந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட்டி வாருங்கள், பயிற்சி நான் தருகிறேன்.

வேலை காரணமாக வர முடியாதவர்கள் காலை எட்டரைக்கு, காலை உணவு நேரத்தில் வந்தாலும் சந்திக்கலாம். அந்த நேரத்தில் நான் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்